பாட்டு யாருக்குச் சொந்தம்?

மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடாத பாட்டு. இந்த வாரம் இசைத்தட்டுக் கடையின் முகப்பில் இருக்கும். அடுத்த வாரம் உள்ளடுக்குக்குப் போகும். அதற்கடுத்த மாதம் கழிவு விலைக் கூடையில் கிடக்கும். 1960களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்த பாப் பாட்டுகளுக்கு அறிஞர் பலர் அன்று எழுதி வைத்த தலைவிதி இதுதான்.

தலைவிதி பொய்த்துப் போவதில் நமக்கு வியப்பில்லை. ஆனால், ஏன் பொய்த்தது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அப்பாட்டுகளைப் பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அவற்றைக் கேட்டு ஆடிய இளைஞர்கள் பாட்டன் பாட்டி ஆகிவிட்டனர். பாட்டு மட்டும் சாகவில்லை! பாட்டன் கேட்டதைப் பேரன் பாடுகிறான். பேரன் பாடுவதைப் பேத்தி மாற்றிப் பாடுகிறாள். மாற்றிப் பாடும்போதுதான் சண்டை மூளுகிறது.

"தொடாதே!" என்கிறது ஒரு கூட்டம். முதலில் பாடியவர் எப்படிப் பாடினாரோ அப்படியே இருக்கவேண்டும். ஓர் எழுத்தை மாற்றினாலும் மாசு, ஒரு தாளத்தைக் கூட்டினாலும் கேடு என்கிறது.

"எடுத்துக்கொள்!" என்கிறது மற்றொரு கூட்டம். சந்தைக்கு வந்த சரக்கு வாங்கியவனுக்குச் சொந்தம்; யார் ஆக்கினார், எந்த வேதனையில் ஆக்கினார் என்ற கதையெல்லாம் நமக்கெதற்கு என்கிறது.

முதற் கூட்டத்துக்கு மூலம் தெய்வம். இரண்டாம் கூட்டத்துக்கு அது வெறும் மூலப்பொருள். ஒன்று கும்பிடுகிறது, மற்றொன்று கொள்ளையிடுகிறது. இரண்டுமே தவறு என்பது என் துணிபு. அது ஏன் தவறு என்று ஆராய்வது இசைப் பித்தர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. முன்னோர் விட்டுச்சென்ற எதையும் என்ன செய்வது, ஏற்பதா, மாற்றுவதா, எந்த உரிமையால் மாற்றுவது என்ற பெரிய கேள்வியின் சிறிய வடிவமே இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இப்பாட்டுகள் பழையவை, ஆதலால் நிலைத்தன என்று சொல்வோர் உளர். "பழையது, ஆகவே சிறந்தது" என்ற வாதத்தை நாம் வேறு பல இடங்களில் கேட்டிருக்கிறோம். அங்கே ஏற்காததை இங்கே மட்டும் ஏற்பானேன்?

'பில்போர்ட்' என்ற அமெரிக்க வணிக ஏடு 1958 ஆகஸ்டு முதல் வாரந்தோறும் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. வாரத்துக்கு நூறு! பத்தாண்டுக் காலத்தில் அந்தப் பட்டியலில் ஏறி இறங்கிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுள் இன்று எவர் நாவிலும் இல்லாமல் போனவை எத்தனை! அவையும் அதே வயதுடையவைதாம். அதே நகரங்களில், அதே கருவிகளோடு, அதே நம்பிக்கையோடு பதிவானவைதாம். வயது அவற்றைக் காப்பாற்றவில்லையே!

"விளம்பரம் காப்பாற்றுகிறது" என்பார் சிலர். அதில் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். பாப் டிலன் எழுதிய பாட்டுகளின் உரிமை முழுவதையும் 2020 டிசம்பரில் யூனிவர்சல் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது. பணம் போட்டவன் பாட்டை உறங்க விடுவானா? படத்தில் நுழைப்பான்; விளம்பரத்தில் ஒலிக்க வைப்பான்; ஆண்டு நிறைவு கொண்டாடிப் புதுப்பதிப்பு விற்பான். ஆனால், பணத்தால் பாட்டைக் காதில் விழச் செய்யலாமே தவிர, கேட்டவளை வாய் திறந்து பாடச் செய்ய முடியாது. அவள் பாட வேண்டுமானால், அந்தப் பாட்டில் அவள் வாழ்வுக்கு ஓர் இடம் இருக்கவேண்டும்.

அந்த இடந்தான் பாட்டின் உயிர். ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு மாறியும் உயிர் தங்குகிறதா? புதிதாய்ப் பாடுபவர் தம் துயரத்தை, தம் சினத்தை, தம் ஆசையை அதில் ஏற்ற முடிகிறதா? முடிந்தால் அது நிற்கும். முடியாவிட்டால், எத்தனை பேர் பொன்னாடை போர்த்தினாலும் அது விழும்.

சான்று வேண்டுமா? ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மரியாதை! ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்ட்'. அச்சொல்லின் எடையை இவ்வேட்டைப் படிப்போர்க்கு நான் விளக்கத் தேவையில்லை.

1965ஆம் ஆண்டு, ஓட்டிஸ் ரெடிங் என்ற கறுப்பின இளைஞர் அப்பெயரில் ஒரு பாட்டை எழுதிப் பாடினார். பொருள் எளிது. உழைத்துக் களைத்து வீட்டுக்குத் திரும்பும் ஆண்மகன் கேட்கிறான்: பாடுபட்டுப் பணம் கொண்டு வருகிறேன், வீட்டில் எனக்கு மரியாதை வேண்டும்! நல்ல பாட்டு. வெளியே அவமதிக்கப்படும் கறுப்பினத் தொழிலாளி வீட்டிலாவது தலைநிமிரத் துடிக்கும் துடிப்பு அதில் இருக்கிறது. ஆனால், அந்த வீட்டிலிருக்கும் பெண்? அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அந்தப் பாட்டில் வாய் இல்லை.

இரண்டாண்டு கழியவில்லை. 1967 பிப்ரவரி 14ஆம் நாள், நியூயார்க் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில், அரீதா பிராங்க்ளின் என்ற பெண் அதே பாட்டைப் பாடினார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. தாமே பியானோ வாசித்தார்; உடன் பாட உடன்பிறந்த சகோதரியர் நின்றனர். கேட்டுக்கொண்டு நின்றவள் இப்போது கேட்பவளாக வந்தாள்! கொடு என்று ஆண் கேட்டதைக் கொடு என்று பெண் கேட்டாள். என்னிடமும் பணம் உண்டு, எனக்கும் மானம் உண்டு என்றாள். அது மட்டுமா? பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோல், அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்கச் சொல்லிக் காட்டினாள். ரெடிங்கின் பாட்டில் அந்த எழுத்துக்கூட்டல் இல்லை.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1965இல்தான் வந்திருந்தது. பெண் என்பதற்காக வங்கி கடன் மறுக்கக்கூடாது என்ற சட்டம் 1974 வரை வரவில்லை. கறுப்பர் என்பதால் ஒரு மடங்கு, பெண் என்பதால் மறு மடங்கு என இருமடங்கு இழிவு சுமந்தவர்கள் வாழ்ந்த நாட்டில் அந்தக் குரல் எழுந்தது. 1967 ஜூன் மாதம் இரண்டு வாரம் அந்தப் பாட்டு விற்பனையில் முதலிடத்தில் நின்றது. பெண்ணுரிமைக் கூட்டங்களிலும் கறுப்பின எழுச்சிக் கூட்டங்களிலும் அது தானாகப் புகுந்தது. எவரும் அதைக் கொள்கைப் பாட்டாக எழுதவில்லை. மக்கள் அதைக் கொள்கைப் பாட்டாக ஆக்கிக்கொண்டனர்.

ரெடிங் சினந்தாரா? அதே ஜூன் மாதம், கலிபோர்னியாவில் மான்டரே நகரில் நடந்த இசை விழாவில், ஒரு பெண் தம்மிடமிருந்து இந்தப் பாட்டைக் கொண்டுபோய்விட்டாள் என்று வேடிக்கையாகக் கூறிவிட்டு, அதைத் தம் முறைப்படியே பாடி முடித்தார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் அவர் மாண்டார். வயது இருபத்தாறு.

இப்போது மூலத்தைக் கும்பிடும் தோழரைக் கேட்கிறேன்: 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டின் மூலம் எது? 2021ஆம் ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்' ஏடு சிறந்த ஐந்நூறு பாட்டுகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் தந்தது அரீதாவின் பாட்டுக்கு. அதாவது, மாற்றிப் பாடியதற்கு! அன்று யாரேனும் "தொடாதே" என்று அவர் கையைப் பிடித்திருந்தால், உலகம் எதை இழந்திருக்கும்?

"பெண்ணாக மாற்றினார், பொருள் மாறிற்று, இது தற்செயல்" என்று சொல்லலாம். ஆகையால் இன்னும் பின்னே போவோம். ஒரு பாட்டுக்கு எத்தனை தாய்தந்தையர் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய காலம். மனிதரை மேடையில் ஏற்றி, பல்லைப் பிடித்துப் பார்த்து, ஏலம் கூறி விற்ற காலம். இனி அந்த ஏல மேடை எனக்கில்லை என்று அம்மக்கள் ஒரு பாட்டுப் பாடினர். ஆக்கியவர் யார்? பெயர் இல்லை. விலைச்சீட்டில் பெயர் எழுதியவர்கள் பாட்டின் கீழே பெயர் எழுதவில்லை.

ஏறத்தாழ நூறாண்டு சென்றது. 1962இல் பாப் டிலன் என்ற வெள்ளை இளைஞர் காற்றில் விடை மிதக்கிறது என்ற கருத்தில் ஒரு பாட்டு எழுதினார். அதன் மெட்டின் வேர் அந்த ஏல மேடைப் பாட்டில் இருக்கிறது. பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். 1963இல் பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மூவர் குழு அதைப் பாடி நாடெங்கும் பரப்பியது. சாம் குக் என்ற கறுப்பினப் பாடகர் கேட்டார். இன இழிவைத் தொட்டுப் பேசும் இந்தப் பாட்டை ஒரு வெள்ளைப் பையன் எழுதியிருக்கிறானே, நான் எழுதவில்லையே என்று நெஞ்சம் உறுத்தியது.

1963 அக்டோபர் மாதம். லூசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊர். முன்கூட்டியே தொலைபேசியில் இடம் சொல்லி வைத்திருந்த விடுதிக்கு மனைவியோடும் குழுவினரோடும் போனார் குக். நாடறிந்த பாடகர்; கையில் பணம்; காரில் வந்தவர். என்ன பயன்? தோலைப் பார்த்தனர், இடமில்லை என்றனர். குக் எதிர்த்துக் கேட்டார். கடைசியில் கைதானவர் இடம் மறுத்தவர் அல்லர், இடம் கேட்டவர்! அமைதியைக் குலைத்தாராம்!

1964 ஜனவரி இறுதியில் குக் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். மாற்றம் வரும் என்பது அதன் தலைப்பின் பொருள். அந்த டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாளில் அப்பாட்டு தனித்தட்டாக வெளிவந்தது. இன ஒதுக்கலை நேராகச் சுட்டும் பகுதி அந்தத் தனித்தட்டில் வெட்டப்பட்டிருந்தது. பாட்டின் புண்ணை மறைத்துவிட்டுப் பாட்டின் இனிமையை மட்டும் விற்கப் பார்த்தனர். முடிந்ததா? 1965இல் ஓட்டிஸ் ரெடிங் அதைப் பாடினார். 1967இல் அரீதா பாடினார். 2009 ஜனவரி 18ஆம் நாள், அமெரிக்காவின் முதற் கறுப்பினக் குடியரசுத் தலைவராக ஒபாமா பதவியேற்பதற்கு இரு நாள் முன்னர், வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கனின் நினைவகத்தின் முன் அது மீண்டும் ஒலித்தது. பாடியவர்கள் பெட்டி லவெட் என்ற கறுப்பினப் பெண்ணும், ஜான் பான் ஜோவி என்ற வெள்ளை ஆணும்.

பெயரில்லாத அடிமை, டிலன், குக், ரெடிங், அரீதா, லவெட். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மூலம்? எதை மட்டும் வைத்துக்கொண்டு எதை எறிவீர்? ஒவ்வொருவரும் கேட்டனர், தம் வாழ்வைச் சேர்த்தனர், அடுத்தவர்க்குத் தந்தனர். ஆற்றுக்கு ஊற்று உண்டு. அதற்காக ஊற்றுக் கண்ணிலேயே அணைகட்டி வழிபட்டால், வயலுக்கு நீர் ஏது?

ஆக்கியவரே மாற்றியவரைப் பின்பற்றிய அழகும் உண்டு. 1967 டிசம்பரில் டிலன், காவற் கோபுரத்தைப் பற்றிய பாட்டொன்றைக் கிதாரும் வாயிசைக் கருவியும் கொண்டு அடக்கமாகப் பாடி வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மின்கிதாரால் அதைப் புயலாக்கினார். 1970இல் ஹெண்ட்ரிக்ஸ் இறந்தார். அதன்பின் மேடைகளில் டிலன் அந்தப் பாட்டை ஹெண்ட்ரிக்ஸின் வழியைத் தழுவியே பாடலானார். அதை வெளிப்படையாகவும் கூறினார். நோபல் பரிசு பெற்ற கவிஞருக்கு இல்லாத மூலச் செருக்கு, அவர் அடியார்க்கு எதற்கு?

மாற்றிப் பாடுவது மெருகேற்றுவதற்கு மட்டுமன்று. சில வேளை மூலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குமாகும். 1962இல் கிறிஸ்டல்ஸ் என்ற இளம்பெண்கள் குழு ஒரு பாட்டுப் பாடியது. அவன் என்னை அடித்தான், அது முத்தம்போல் இருந்தது என்பது அதன் பெயர். எழுதியவர்கள் ஜெரி காபினும் கரோல் கிங்கும். அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் காதலனிடம் அடிபட்டு வந்து, அவனுக்கு என்மீது அன்பிருப்பதால்தானே அடிக்கிறான் என்று கூறினாளாம். கேட்டு நடுங்க வேண்டியதை மெட்டமைத்துப் பாட்டாக்கினர். வானொலி கேட்டோர் கண்டித்தனர். தட்டு திரும்பப் பெறப்பட்டது. எழுதியதற்காகக் கரோல் கிங் பின்னாளில் வருந்தினார்.

அந்தப் பாட்டை என்ன செய்வது? எரிப்பதா? பழைய பாட்டு என்று பத்திரப்படுத்துவதா? 1995இல் 'ஹோல்' என்ற குழுவின் கோர்ட்னி லவ் அதை மேடையில் பாடினார். சொல் மாறவில்லை. பாடிய குரல் மாறிற்று. அன்று இனிமையாக ஒலித்தது இன்று குமட்டலாக ஒலித்தது. அடியை அன்பென்று நம்பவைத்த ஓர் உலகத்தின் வாக்குமூலமாக அது ஆகிவிட்டது. பழமையில் இழிவும் உண்டு. அதைக் கும்பிட்டால் இழிவு தொடரும், புதைத்தால் இழிவு மறக்கும், புதுக்குரலில் எடுத்துக் காட்டினால் இழிவு தெரியும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு இரண்டாம் கூட்டத்தார் கை தட்டுவர். "அப்படியானால் எவரும் எதையும் எடுக்கலாம் என்று நீரே சொல்லிவிட்டீர்!" என்பர். பொறுங்கள். அவர்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன். அது தொடங்குவது அமெரிக்காவில் அன்று, தென்னாப்பிரிக்காவில்.

1961 இறுதியில் டோக்கன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டொன்று விற்பனையில் முதலிடம் பிடித்தது. காட்டில் சிங்கம் உறங்குவதைப் பற்றிய பாட்டு. குழந்தைகளும் பாடும் பாட்டு. உலகத்தில் அதைக் கேளாத நாடு அரிது. அது எங்கிருந்து வந்தது?

1939இல், ஜோகானஸ்பர்க் நகரத்தில், சாலமன் லிண்டா என்ற சூலு இனத்தவர் தம் குழுவோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சூலு மொழியில் சிங்கம். சிறு வயதில் மாடு மேய்த்தவர், படிப்பறியாதவர், பதிவு செய்த அதே இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டும் கூலி. அந்தப் பதிவின்போது அவர் குரல் அப்போதைக்கப்போது எழுப்பிக் காற்றில் விட்ட மெட்டுத்தான் பின்னாளில் உலகம் பாடிய மெட்டு. அவர் பெற்ற விலை பத்து ஷில்லிங். தென்னாப்பிரிக்காவில் மட்டுமே ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டு விற்றது. அவ்வகைப் பாட்டு முழுவதற்கும் 'ம்பூபே' என்றே பெயர் நிலைத்தது. பாட்டின் பெயர் ஓர் இசை வகையின் பெயராயிற்று; பாடியவர் கூலியாகவே இருந்தார்.

தட்டு அமெரிக்கா சென்றது. பீட் சீகர் என்ற பாடகரின் கைக்குக் கிடைத்தது. சூலு மொழிச் சொல் அவர் செவியில் திரிந்து 'விமோவே' ஆயிற்று. அவருடைய வீவர்ஸ் குழு அப்பெயரில் பாடிப் புகழ்பெற்றது. ஆக்கியவர் என்று பதிவானது யார் பெயர் தெரியுமா? பால் கேம்பல்! யார் அந்தக் கேம்பல்? அப்படி ஒருவர் இல்லை. ஆக்கியோன் பெயர் அறியாத நாட்டுப்பாடல்களுக்கு உரிமை பதிவு செய்ய அக்குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இல்லாத ஆளுக்குப் பெயர் இருந்தது. இருந்த ஆளுக்குப் பெயர் இல்லை!

சீகர் தீயவர் அல்லர். தொழிலாளர் பக்கமும் கறுப்பின மக்கள் பக்கமும் நின்று துன்பம் ஏற்றவர். பாட்டுக்கு உரியவர் உயிரோடிருக்கிறார் என்று அறிந்ததும் ஆயிரம் டாலர் அனுப்பச் செய்தார். மேற்கொண்டு வரும் பணமும் போய்ச் சேரும் என்று நம்பினார். நம்பியது நடந்ததா என்று போதுமான அளவு பார்க்கவில்லை என்று பின்னர் வருந்தினார். நல்லவர் கவனக்குறைவும் நயவஞ்சகர் கணக்கும் ஒரே இடத்தில் முடிந்தன. இதைத்தான் நாம் நன்றாக எண்ணிப் பார்க்கவேண்டும். பிறர் பொருளை எடுக்க எப்போதும் கெட்ட எண்ணம் தேவைப்படுவதில்லை. "இது யாருடையதுமன்று, பொதுவானது" என்ற இனிய நம்பிக்கையே போதும்.

1962இல் லிண்டா இறந்தார். அவர் பாட்டு உலகத்தின் முதலிடத்தில் நின்று ஓராண்டுகூட ஆகவில்லை. வங்கியில் இருந்தது இருபத்தைந்து டாலருக்கும் குறைவு. கல்லறைக்குக் கல் நடப் பதினெட்டு ஆண்டு பிடித்தது. 1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்தில் அப்பாட்டு மீண்டும் ஒலித்து மீண்டும் பணம் குவித்தது. 2000ஆம் ஆண்டு ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இந்தக் கதையைத் தோண்டி எடுத்து உலகுக்குச் சொன்னார். 2004இல் லிண்டாவின் பெண்மக்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. ஆக்கியவர் இறந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்தால் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பேரரசுச் சட்டமே வழக்குக்கு ஊன்றுகோலாயிற்று. 2006இல் உடன்பாடு ஏற்பட்டது; 1987 முதல் உரிய பங்கும், இனிவரும் பங்கும், பாட்டில் லிண்டாவின் பெயரும் அக்குடும்பத்துக்குக் கிடைத்தன. பாட்டுப் பிறந்து அறுபத்தேழு ஆண்டுக்குப் பிறகு!

டோக்கன்ஸ் குழு அப்பாட்டை மாற்றிப் பாடியது குற்றமா? இல்லை. புதுச் சொல் இட்டது குற்றமா? இல்லை. இனிமையாகவே பாடினர். மாற்றியதில் குற்றமில்லை, மறைத்ததில்தான் குற்றம். இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை முழுவதும் தெளிவாகும்.

சட்டம் இதை அரைகுறையாக அறிந்திருக்கிறது. 1909ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், ஒருமுறை தட்டில் வெளிவந்த பாட்டை எவரும் ஆக்கியவரின் இசைவு கேளாமலே மீண்டும் பதிவு செய்யலாம், தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் கொடுத்தால் போதும் என்றது. தடுக்கும் உரிமை இல்லை. பங்கு பெறும் உரிமை உண்டு. நல்ல தத்துவம்! அறுபதுகளின் பாட்டு வாய்க்கு வாய் தாவியதற்கு இந்த வாசலும் ஒரு காரணம். ஆனால், வாசலில் நின்று கணக்குப் பார்த்தவர்கள் எழுதப்படிக்கத் தெரிந்தவரின் பெயரை எழுதினர். தெரியாத லிண்டாவின் பெயரை விட்டனர்.

பாடியவர்க்கோ மற்றோர் அநீதி. அமெரிக்க வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவர்க்கும் பதிப்பித்தவர்க்கும் பணம் போகும், பாடியவர்க்குப் போகாது. 'ரெஸ்பெக்ட்' பாட்டுக்குப் புத்துயிர் தந்த அரீதா, அந்நாட்டு வானொலிகள் அதை எத்தனை முறை ஒலிபரப்பினாலும் அதற்கெனக் காசு பெறாமலே 2018இல் கண் மூடினார். அந்த ஆண்டு வந்த புதிய இசைச் சட்டமும் வானொலி நிலையங்களைத் தொடவில்லை. மரியாதை கொடு என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னவருக்கு நாடு புகழ் கொடுத்தது, மாலை கொடுத்தது, கூலி மட்டும் கொடுக்கவில்லை!

"கலைக்குக் காசைப் பேசலாமா?" என்று முகம் சுளிப்பவர் உண்டு. பேசத்தான் வேண்டும். உழவன் நெல்லுக்கு விலை கேட்டால் இழிவில்லை. நெசவாளி துணிக்குக் கூலி கேட்டால் இழிவில்லை. பாடுபவள் மட்டும் புகழை உண்டு பசியாற வேண்டுமா? கலையைத் தெய்வீகம் என்று ஏற்றிப் பேசுவோரே பெரும்பாலும் கலைஞனின் கூலியை இறக்கிக் கொடுப்போராக இருக்கின்றனர்.

எனவே, என் முடிவு இது. மாற்றும் உரிமை எவர்க்கும் உண்டு. மறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. முதற்பாதியை மறுப்பவர் பாட்டைக் கல்லறையில் வைக்கிறார். இரண்டாம் பாதியை மறுப்பவர் பாடியவரைக் கல்லறையில், அதுவும் பெயர்க்கல் இல்லாத கல்லறையில், வைக்கிறார். இரண்டையும் ஏற்பவரிடத்தில்தான் பாட்டும் வாழும், பாடியவரும் வாழ்வர்.

இது நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது. 1968இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி கரும்பறவை ஒன்றைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் உரிமைக்குப் போராடிய கறுப்பினப் பெண்களை, 1957இல் படை காவலோடு பள்ளிக்குள் நுழைய நேர்ந்த லிட்டில் ராக் மாணவர்களை எண்ணி எழுந்த பாட்டு அது என்று பின்னாளில் அவர் கூறினார். 2024இல் பியான்சே என்ற கறுப்பினப் பெண், நான்கு இளம் கறுப்பினப் பாடகியரோடு சேர்ந்து அதைப் பாடினார். யாரை எண்ணி எழுதப்பட்டதோ அவர்கள் மரபில் வந்தவர்கள் வாயிலே ஐம்பத்தாறு ஆண்டு கழித்து அது ஏறியது! எழுதியவர் பெயர் மறைக்கப்படவில்லை; எழுதிய முதியவர் வெளிப்படையாகப் பாராட்டினார். எண்ணப்பட்டவர்களே இப்போது பாடினர்.

தோழர்களே! நாளை உங்கள் காதில் ஒரு பழைய பாட்டு புதுக்குரலில் விழும்போது, "மூலம்போல் இல்லையே" என்று உடனே முகம் திருப்பாதீர்கள். புதிதாய்ப் பாடியவர் எதைச் சேர்த்தார், யாருக்கு வாய் கொடுத்தார், எந்த இழிவைக் காட்டினார் என்று கேளுங்கள். ஒன்றும் சேர்க்காமல் வெறும் நினைவை விற்றிருந்தால், தயங்காமல் ஒதுக்குங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். இதை முதலில் பாடியது யார், அவர் பெயர் எங்கே, அவர் பங்கு எங்கே என்றும் கேளுங்கள்.

ஏல மேடையில் நின்று பாடியவரின் பெயர் இனி நமக்குக் கிடைக்காது. லிண்டாவின் பெயர், அவர் பெண்மக்கள் போராடியதால் கிடைத்தது. இன்று நம்மிடையே பாடிக்கொண்டிருப்பவரின் பெயரும் பங்கும் கிடைக்க ஒருவர் இறந்து இன்னொருவர் வழக்காட வேண்டியதில்லை. கேட்கும்போதே கேட்டால் போதும்.